கார் ஒயரிங்: எந்த இடத்துக்கு எந்த ஸ்லீவ் போடுவது?

#1 மூன்றாம் கியர்

வணக்கம் நண்பர்களே. காரில் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வந்ததில் ஒயர் அதிகமாகிவிட்டது. முன்னால் ரிலே (மின்சாரத்தால் இயங்குகிற சுவிட்ச்) வைத்து இரண்டு கூடுதல் விளக்கு, முன்கண்ணாடியில் டேஷ் கேமரா, டிக்கிக் கதவில் ரிவர்ஸ் கேமரா. எல்லாம் ஒழுங்காகத்தான் வேலை செய்கின்றன. ஆனால் பானெட்டைத் திறந்தால் பார்க்கச் சகிக்கவில்லை. சுற்றியிருந்த கறுப்பு இன்சுலேஷன் டேப்பின் பசை இளகி வழிந்திருக்கிறது, தொட்டால் கையில் ஒட்டுகிறது. சில இடங்களில் டேப் அவிழ்ந்து தொங்குகிறது.

எல்லாவற்றையும் பிரித்து, ஸ்லீவுக்குள், அதாவது ஒயர்க் கட்டின் மேலுறைக்குள், விட்டுச் சுத்தமாகச் செய்துவிடலாம் என்று இருக்கிறேன். பின்னல் ஸ்லீவ் பெரிய ரோலாக வாங்கி, முன்னாலிருந்து டிக்கி வரை ஒரே மாதிரி போட்டால் போதுமா? இல்லை, கம்பெனி ஒயரிங்கில் வருகிற வரிவரியான பிளாஸ்டிக் குழாய்தான் சரியா? அளவை எப்படிப் பார்ப்பது? முனைகளில் கனெக்டர் கிரிம்ப் செய்தாகிவிட்டது, அதை வெட்ட மனமில்லை.


#2 தார்ச்சாலை

வரிக்குழாயே போடுங்கள். நீளவாக்கில் கிழித்த மாதிரி வரும், ஒயரை உள்ளே அழுத்தினால் போதும். கனெக்டரைக் கழற்ற வேண்டாம். கம்பெனிக்காரனே அதைத்தான் போடுகிறான், நாம் ஏன் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்?


#3 நிழல்நிறுத்தம்

வரிக்குழாய் பார்க்க நன்றாகவா இருக்கிறது? பி.இ.டி. (பாலியெஸ்டர்) பின்னல் ஸ்லீவ் போட்டுப் பாருங்கள், பானெட்டைத் திறக்கும்போதே தனி அழகு. வளைத்த பக்கமெல்லாம் வளையும், 125 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். தண்ணீர் உள்ளே போனாலும் பின்னல் வழியாகவே வடிந்து காய்ந்துவிடும். என் ஓட்டு பின்னலுக்குத்தான்.


#4 முறுக்குக்கம்பி

ஹார்னஸ், அதாவது வண்டிக்கான ஒயர்க் கட்டு, கட்டுவதுதான் எனக்குத் தொழில். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் கியர், ஒரே ரோலை முன்னாலிருந்து பின்னால் வரை ஓட்டும் யோசனையை முதலில் விட்டுவிடுங்கள். ஒரே கார்தான், ஆனால் ஒயருக்கு வரும் தொந்தரவு இடத்துக்கு இடம் வேறு. எஞ்சின் பக்கத்தில் சூடு, எண்ணெய், அதிர்வு. சக்கரத்துக்கு மேலே சேறும் கல்லும். டேஷ்போர்டுக்கு உள்ளே இதெல்லாம் கிடையாது. அங்கே ஒயர் பிளாஸ்டிக்கில் தட்டிக் கடகடவென்று சத்தம் போடும், அதுதான் தொல்லை. டிக்கிக் கதவில் திறக்கும்போதும் மூடும்போதும் ஒயர் மடங்கி நிமிரும். அந்த இடத்தில் ஒயரை எது கெடுக்கும் என்று பார்த்து, அதைத் தடுக்கிற ஸ்லீவைப் போடுவதுதான் முறை. அழகெல்லாம் அதற்கு அப்புறம்.

வரிக்குழாயில் எல்லாம் ஒன்றல்ல. பாலிஎத்திலீன், பாலிப்ரொப்பிலீன், நைலான் என்று மூன்று வகை பரவலாகக் கிடைக்கும். மூன்றும் கறுப்பு, மூன்றும் வரிவரி. பாலிஎத்திலீன்தான் மலிவு, ஆனால் 90 டிகிரியைத் தாண்டினால் தளர ஆரம்பிக்கும். பாலிப்ரொப்பிலீன் அதைவிட மேல், நூற்றுச் சொச்சம் தாங்கும். எஞ்சின் பக்கத்துக்கு நைலான், அதாவது பி.ஏ. என்று முத்திரை உள்ளதைத் தேடுங்கள். 120, 130 வரை பயமில்லை, உரசலையும் நன்றாகத் தாங்கும். குழாயின் மேலேயே பி.இ., பி.பி., பி.ஏ. என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். எதுவுமே அச்சில்லாத குழாயை நான் பானெட்டுக்குள் போட மாட்டேன்.

நைலானிலும் ஒரு குறை உண்டு. வருடக்கணக்கில் சூட்டிலேயே கிடந்தால் இறுகிவிடும். பழைய காரில் கை வைத்ததும் பிஸ்கட் மாதிரி பொடிந்து விழுகிற குழாயைப் பார்த்திருப்பீர்கள், அது இதுதான். ஆகவே பழைய குழாயை விரித்து மறுபடி பயன்படுத்துகிற சிக்கனம் வேண்டாம்.

நிழல்நிறுத்தம் சொன்ன பின்னல் நல்ல பொருள்தான். உரசல் தாங்கும், எடை குறைவு. ஆனால் அது கண்ணி கண்ணியாக இருக்கிற ஒன்று. தண்ணீரையும் தடுக்காது, தகட்டின் கூரான விளிம்பையும் தடுக்காது. நுண்மணல் உள்ளே புகுந்தால் ஒயருக்கும் பின்னலுக்கும் நடுவே அதுவே உப்புத்தாள் வேலை பார்க்கும். பம்பருக்குக் கீழே நான் அதைப் போடுவதில்லை.


#5 நிழல்நிறுத்தம்

சரி, பம்பருக்குக் கீழே வேண்டாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வரிக்குழாயில் மட்டும் மணல் புகாதா? அந்தக் கிழிசல் வழியாகத் தாராளமாகப் போகும். போனது வெளியே வரவும் வராது. வரிகளுக்கு நடுவே சேறாகத் தங்கிவிடும்.


#6 முறுக்குக்கம்பி

போகும். அதனால்தான் கிழிசல் கீழே பார்த்திருக்கும்படி பொருத்த வேண்டும். மேலே பார்த்திருந்தால் குழாயே தொட்டியாகிவிடும். ஒயர் எந்தப் பக்கம் ஓடினாலும் அதன் பாதையில் ஒரு தாழ்ந்த இடம் இருக்கும், தண்ணீர் அங்கேதான் சேரும். அந்த இடத்தில் கிழிசலை டேப் போட்டு மூடாதீர்கள், வடிய விடுங்கள். வளைவுகளில் மட்டும் கிழிசல் வாய் பிளந்து ஒயர் எட்டிப் பார்க்கும். அங்கே துணி டேப்பை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிவிட்டால் அடங்கிவிடும்.

முழு நீளத்துக்கும் டேப் சுற்றுவதும் உண்டு. அது சேறு அதிகம் அடிக்கிற இடத்துக்கு.


#7 மூன்றாம் கியர்

அருமை, நன்றி. இப்போது அளவு விஷயம். விளக்குக்குப் போகிற கட்டில் நான்கு ஒயர், நான்கும் 2.5 சதுர மில்லிமீட்டர். இரண்டு பாசிட்டிவ், இரண்டு எர்த். விளக்கு ஒவ்வொன்றும் 55 வாட் பல்பு, 15 ஆம்பியர் ஃபியூஸ். இதற்கு எந்த அளவுக் குழாய்? கடையில் கேட்டால் கையை விரித்துக் காட்டி "இவ்வளவு போதும்" என்கிறார்கள்.


#8 மின்மினி

கணக்கு லேசுதான். மெல்லிய உறை உள்ள வாகன ஒயராக இருந்தால் 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரின் வெளிவிட்டம் அதிகபட்சம் 3 மில்லிமீட்டர். ஒரே தடிமன் ஒயர்களைக் கட்டும்போது கட்டின் விட்டம், எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை ஒயரின் விட்டத்தால் பெருக்கி, அதை 1.2-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட வரும். உங்களுக்கு நான்கின் வர்க்கமூலம் 2, அதை 3-ஆல் பெருக்க 6, 1.2-ஆல் பெருக்க 7.2. ஆக 7.2 மில்லிமீட்டர் கட்டு.

வரிக்குழாயை உள்விட்டத்தை வைத்துத்தான் சொல்வார்கள். என்.டபிள்யூ. 7.5, 8.5, 10, 13 என்று ஏறும். உங்களுக்கு என்.டபிள்யூ. 10 சரியாக இருக்கும். உள்ளே பாதி இடம் நிறையும், மீதி காற்று. 8.5-இலும் நுழையும், ஆனால் வளைவில் திணறும். பின்னொரு நாள் இன்னொரு ஒயர் சேர்க்க நினைத்தால் இடமிருக்காது.

மெல்லிய உறை இல்லாத சாதா ஒயர் என்றால் இன்னும் தடிமனாக இருக்கும். சந்தேகமாக இருந்தால் நான்கையும் சேர்த்துப் பிடித்து, நூலால் ஒரு சுற்றுச் சுற்றி, நூலின் நீளத்தை 3.14-ஆல் வகுத்துவிடுங்கள்.


#9 நிழல்நிறுத்தம்

பின்னலுக்கு அளவு பார்ப்பது வேறு மாதிரி. அதில் எழுதியிருப்பது தளர்வாக இருக்கும்போது உள்ள அளவு. அழுத்தினால் ஒன்றரை மடங்கு வரை விரியும், இழுத்தால் பாதியாகச் சுருங்கும். 12 என்று எழுதியது ஏறக்குறைய 6-இலிருந்து 18, 19 வரை போகும். 7.2 கட்டுக்கு 6 அளவு இறுக்கமாக அழகாக உட்காரும், 8 போட்டால் கொஞ்சம் தளர்வு. கனெக்டரின் மேலே இழுத்துப் போட வேண்டுமென்றால் கட்டு எவ்வளவு என்று பார்த்தால் போதாது, கனெக்டரின் அகலத்தையும் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, விரிய விரிய நீளம் குறையும். ஒயர் நீளத்துக்குச் சரியாக வெட்டிவிட்டுக் கடைசியில் ஒரு சாண் அம்மணமாக நிற்கும். தாராளமாக நீளம் விட்டு வெட்டுங்கள்.


#10 எண்ணெய்க்கை

நான் மெக்கானிக். தினமும் அடுத்தவர் கட்டிய ஒயரிங்கைப் பிரிக்கிறவன். நீங்கள் எல்லோரும் ஸ்லீவைப் பற்றியே பேசுகிறீர்கள், நான் பார்க்கிற ஷார்ட்டில் பாதிக்கு மேல் ஸ்லீவ் இருந்தும் வந்தவை.

போன வாரம் ஒரு வண்டி, ஹெட்லைட் ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று வந்தது. பேட்டரி வைக்கும் தட்டுக்குக் கீழே ஹார்னஸ் ஒரு தகட்டு விளிம்பின் மேல் சும்மா கிடந்தது. கிளிப் கழன்று விழுந்திருக்கிறது, யாரும் திரும்பப் போடவில்லை. எஞ்சின் ஓடும்போதெல்லாம் அது அதே புள்ளியில் அரைத்துக்கொண்டே இருந்திருக்கிறது. வரிக்குழாயில் வட்டமாக ஒரு தேய்மானம், அதற்குள்ளே துணி டேப்பில் ஓட்டை, அதற்குள்ளே ஒயர் உறை தேய்ந்து பச்சை பூத்த செம்பு தெரிகிறது. இரண்டு அடுக்குப் பாதுகாப்பு இருந்தும் ஒரு கிளிப் இல்லாததால் வந்த வினை.

ஆகவே முதலில் பாதை. கூர் விளிம்பு, நகர்கிற பாகம், சூடான பாகம் மூன்றையும் விட்டு விலகிப் போகிற வழியைப் பாருங்கள். அப்புறம் பிடிமானம். ரப்பர் பதித்த பி-கிளிப்பை வைத்து பாடியோடு இறுக்குங்கள். கட்டு தொங்காமலும் ஆடாமலும் இருக்க வேண்டும். எஞ்சினிலிருந்து பாடிக்குத் தாவுகிற இடத்தில் மட்டும் கொஞ்சம் தளர்வு விடுங்கள், ஏனென்றால் எஞ்சின் தன் மவுண்டில் ஆடும். எஞ்சினுக்கும் உள்ளறைக்கும் நடுவே இருக்கிற தகடான ஃபயர்வாலைத் தாண்டுகிற ஓட்டையில், விளிம்பை மூடுகிற ரப்பர் வளையமான கிராமெட் இல்லாமல் எந்த ஸ்லீவும் உதவாது. இவ்வளவும் செய்த பிறகுதான் ஸ்லீவ்.


#11 தார்ச்சாலை

எண்ணெய்க்கை அண்ணே, கிளிப்புக்குப் பதில் கேபிள் டை போட்டால்?


#12 எண்ணெய்க்கை

போடலாம், வெயில் படுகிற இடமென்றால் கறுப்பு டை. ஆனால் எரிபொருள் குழாயிலோ பிரேக் குழாயிலோ கட்டாதீர்கள். கையில் சுருக்குப் போடுகிற மாதிரி இறுக்காதீர்கள், வரிக்குழாய் நசுங்கினால் அங்கே ஒயரும் நசுங்கும். வாலை வெட்டும்போது தலையோடு ஒட்ட வெட்டுங்கள். சரிவாக வெட்டி விட்டுவிட்டுப் போகிறார்கள், அடுத்து உள்ளே கையை விடுகிறவன் ரத்தம் சிந்துகிறான். அது பெரும்பாலும் நான்தான்.


#13 மூன்றாம் கியர்

ஒரு சிக்கல் இருக்கிறது. ரிலேயிலிருந்து இடது விளக்குக்குப் போகிற வழியில் எக்ஸாஸ்ட் மானிஃபோல்டை (எஞ்சினிலிருந்து சூடான புகை வெளியேறுகிற குழாய்) தாண்டித்தான் போக வேண்டியிருக்கிறது. ஒரு கை அகலம் தூரம்கூட இல்லை. கண்ணாடி இழை ஸ்லீவ் 500 டிகிரிக்கு மேல் தாங்கும் என்று போட்டிருக்கிறார்கள். அதைப் போட்டுவிட்டால் கவலை இல்லைதானே?


#14 முறுக்குக்கம்பி

இருக்கிறது கவலை. 500 டிகிரி தாங்குவது ஸ்லீவ். உள்ளே இருக்கிற ஒயர் என்ன தாங்கும்?

வாகன ஒயருக்கு ஐ.எஸ்.ஓ. 6722 தரத்தில் வெப்ப வகுப்புகள் உண்டு. ஏ என்றால் 85 டிகிரி, பி 100, சி 125, டி 150. சாதாரண பி.வி.சி. உறை ஒயர்கள் முதல் இரண்டு வகுப்பில்தான் பெரும்பாலும் வரும். கண்ணாடி இழை ஸ்லீவ் குளிரூட்டி இல்லை. சூடு உள்ளே போகிற வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். சுற்றுப்புறம் மணிக்கணக்கில் 150 டிகிரியிலேயே இருந்தால், உள்ளே இருக்கிற ஒயரும் கடைசியில் 150-க்குத்தான் போய்ச் சேரும். ஸ்லீவ் அப்படியே புதிதாக இருக்கும், உள்ளே பி.வி.சி. காய்ந்து வெடித்திருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியவும் தெரியாது.

வண்டி ஓடும்போதாவது காற்று வரும். நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு நிறுத்தி அணைத்ததும் காற்றோட்டம் நின்றுவிடும், பானெட்டுக்குள் சூடு அப்போதுதான் இன்னும் ஏறும். அந்த நேரத்தை நினைத்துத்தான் பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நான் செய்வதானால் பாதையை மாற்றுவேன். ரேடியேட்டருக்கு மேலே குறுக்காக ஓடுகிற சட்டத்தின் வழியாக முன்பக்கமாகவே சுற்றிக் கொண்டுபோய்விடலாம். ஒரு மீட்டர் ஒயர் கூடுதலாகும், போகட்டும். வேறு வழியே இல்லை என்றால் குறுக்கிணைப்பு செய்த பாலிஎத்திலீன் உறை ஒயருக்கு மாறுங்கள், அது 125 டிகிரி தாங்கும். அதன் மேல் வெளிப்புறம் அலுமினியப் பூச்சு உள்ள கண்ணாடி இழை ஸ்லீவ். மானிஃபோல்டிலிருந்து வருகிற சூட்டில் பெரும்பகுதி கதிர்வீச்சாக வருவது, பளபளப்பு அதைத் திருப்பி அனுப்பும். ஆனால் இரண்டுக்கும் நடுவே காற்று இடைவெளி இருந்தால்தான் அது பலிக்கும். மானிஃபோல்டில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியமே சூட்டை உள்ளே கடத்தும்.

இன்னொன்று, வெறும் கண்ணாடி இழை ஸ்லீவைக் கையாளும்போது கையுறை போடுங்கள். வெட்டிய முனையிலிருந்து இழைத்தூள் தோலில் ஏறினால் அரித்து எடுத்துவிடும். சிலிகான் பூசியது 200 டிகிரி அளவு வரை தாங்கும், கைக்கும் இதமானது, எண்ணெயும் ஊறாது.


#15 மின்மினி

இதோடு சேர்த்து ஒன்று. ஒயரில் ஓடுகிற மின்சாரமும் சூடு உண்டாக்கும். தனியாகக் காற்றில் கிடக்கிற ஒயர் அந்தச் சூட்டைச் சுலபமாக விட்டுவிடும், பத்து ஒயரோடு சேர்ந்து ஸ்லீவுக்குள் அடைபட்டால் விடாது. அட்டவணையில் ஒரு ஒயருக்குப் போட்டிருக்கிற ஆம்பியரை அப்படியே கட்டுக்குள் இருக்கிற ஒயருக்கும் எடுத்துக்கொள்ளக் கூடாது. மூன்றாம் கியருக்குப் பிரச்சினை இல்லை. 55 வாட் பல்பு 12 வோல்ட்டில் 4.6 ஆம்பியர்தான் எடுக்கும், 2.5 ஒயருக்கு அது தூசு. ஆம்ப்ளிஃபயர், இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்கள் யோசிக்க வேண்டும்.


#16 சாவித்துளை

நான் கேட்க வந்தது வேறு. டேஷ்போர்டுக்கு உள்ளே வரிக்குழாய் போட்டிருந்தேன். மேடு பள்ளத்தில் கடகட, கடகட. ஒயர் குழாய்க்குள் ஆடுகிறதா, குழாய் பிளாஸ்டிக்கில் மோதுகிறதா என்றே தெரியவில்லை. என்ன செய்யலாம்?


#17 முறுக்குக்கம்பி

இரண்டும்தான். உள்ளறையில் குழாயே வேண்டாம், துணி டேப் போதும். கம்பெனி ஹார்னஸைப் பாருங்கள், டேஷ்போர்டுக்குள் கம்பளி மாதிரி சொரசொரப்பான டேப் சுற்றியிருக்கும். அது பி.இ.டி. ஃபிளீஸ், சத்தத்தை விழுங்குவதற்காகவே செய்தது. எஞ்சின் பக்கத்துக்கு நெய்த பி.இ.டி. துணி டேப். டேசா நிறுவனத்தில் 51608 என்பது ஃபிளீஸ், 51036 என்பது நெய்த துணி டேப். ஜெர்மன் கார் நிறுவனங்கள் சேர்ந்து எல்.வி. 312 என்று ஒரு தரம் வைத்திருக்கிறார்கள். வெப்பம், உரசல், சத்தத்தை அடக்குவது என்று தனித்தனியாக வகுப்பு கொடுப்பார்கள். டேப் வாங்கும்போது அந்த விவரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

சுற்றும்போது பாதி மேலேறும்படி சுற்றினால் நல்ல பாதுகாப்பு. சும்மா ஒயர் சிதறாமல் கட்டி வைக்கத்தான் என்றால் இடைவெளி விட்டுச் சுற்றினாலே போதும், கட்டு வளைந்து கொடுக்கும். இழுத்து இறுக்கிச் சுற்றினால் கட்டு கம்பி மாதிரி விறைத்துவிடும்.

மூன்றாம் கியர், உங்கள் பழைய டேப்பின் கதையும் இதுதான். பி.வி.சி. இன்சுலேஷன் டேப்பின் பசை சூட்டில் இளகி நழுவும். இணைப்பை மூட அது ஓரளவுக்கு ஆகும், ஹார்னஸ் சுற்ற ஆகாது. புதிதாகச் சுற்றுவதற்கு முன் அந்தப் பசையைத் துடைத்து எடுங்கள். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்துத் துடைத்தால் வந்துவிடும். பெட்ரோல் வேண்டவே வேண்டாம்.


#18 பழைய டீசல்

எலி விஷயத்தை யாரும் பேசவில்லையே. எனக்கு வெயிலும் தண்ணீரும் பிரச்சினை இல்லை, எலிதான். வரிக்குழாயைக் கடித்து, துணி டேப்பைப் பிய்த்துக் கூடு கட்டுகிறது.


#19 எண்ணெய்க்கை

பல்லுக்கு முன்னால் பிளாஸ்டிக் நிற்காது. மிளகாயின் காரச்சத்தான கேப்சைசின் ஏற்றிய டேப்பை ஹோண்டா விற்கிறது, மற்ற வண்டிக்கும் சுற்றலாம். கொஞ்சம் பலன் உண்டு. எஃகு இழை கலந்த பின்னல் ஸ்லீவ் கடிக்கு நன்றாக நிற்கும், ஆனால் அது மின்சாரம் கடத்துகிற பொருள். உறை தேய்ந்த ஒயர் அதைத் தொட்டால் நேரே ஷார்ட். பேட்டரி முனையத்துக்குப் பக்கத்திலும் போகக் கூடாது. போடுவதானால் அடியில் துணி டேப் சுற்றிவிட்டு, முனையை ஹீட் ஷ்ரிங்க் (சூடாக்கினால் சுருங்கி இறுகுகிற குழாய்) போட்டு மூடுங்கள்.

அதைவிட வண்டியை அடிக்கடி எடுப்பது, பானெட்டுக்குள் உதிர்ந்த இலையும் குப்பையும் சேராமல் பார்ப்பது, இரண்டும் அதிகம் உதவும்.


#20 சாவித்துளை

முழுக் கட்டையும் ஹீட் ஷ்ரிங்க் குழாய்க்குள் விட்டுச் சூடாக்கிவிட்டால் எல்லாப் பிரச்சினையும் தீருமே? பந்தயக் கார்களில் அப்படித்தான் இருக்கிறது.


#21 முறுக்குக்கம்பி

பந்தயக் காரில் போடுவது சாதா ஷ்ரிங்க் இல்லை. டி.ஆர். 25 மாதிரி ரப்பர் வகை, 150 டிகிரி தாங்கும், டீசலுக்கும் எண்ணெய்க்கும் அசையாது. ஒயர்களை அடுக்கடுக்காக முறுக்கி, நீளத்தை மில்லிமீட்டர் சுத்தமாக முடிவு செய்துவிட்டுத்தான் அதை ஏற்றுவார்கள். பிறகு ஒரு ஒயர் மாற்ற வேண்டுமென்றால் மொத்தத்தையும் கிழித்தாக வேண்டும். நம் வண்டியில் நாளைக்கு இன்னொன்று சேர்ப்போம், நாளை மறுநாள் ஒன்றைக் கழற்றுவோம். அதற்கு இது ஒத்துவராது.

சாதா பாலியோலெஃபின் ஷ்ரிங்கை நீளமாகப் போட்டால் கட்டு விறைத்துவிடும், கனெக்டர் பக்கத்தில் ஒயர் முறியும். ஷ்ரிங்குக்கு உரிய இடம் இணைப்புகளும் ஸ்லீவின் முனைகளும். வெளியே இருக்கிற இணைப்புக்கு உள்ளே பசை தடவியது போடுங்கள், சூடானதும் பசை உருகி வாயில் லேசாகப் பிதுங்கும். பிதுங்கியிருந்தால் தண்ணீர் போகாது என்று நம்பலாம். கட்டுக்குள் இணைப்புகள் எல்லாம் ஒரே இடத்தில் வராமல் முன்னும் பின்னுமாகத் தள்ளி வையுங்கள், இல்லையென்றால் அங்கே புடைத்துக்கொண்டு ஸ்லீவ் நுழையாது.


#22 மூன்றாம் கியர்

விளக்கின் பாதையை முன்பக்கச் சட்டம் வழியாக மாற்றிவிட்டேன், என்.டபிள்யூ. 10 நைலான் குழாய் கச்சிதமாக உட்கார்ந்தது. இனி இரண்டு கேமரா பாக்கி. ரிவர்ஸ் கேமராவின் ஒயர் டிக்கிக் கதவுக்குப் போகிற இடத்தில் என்ன ஸ்லீவ் போடுவது? இப்போது ஒயர் கதவிடுக்கு வழியாக வெளியே வந்து உள்ளே போகிறது.


#23 எண்ணெய்க்கை

அதற்கு எந்த ஸ்லீவும் வேண்டாம். பாடிக்கும் கதவுக்கும் நடுவே துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் குழல் இருக்கும், கம்பெனி ஒயர் அதற்குள்தான் போகிறது. இரண்டு முனையையும் மெல்ல நெம்பினால் கழன்று வரும். உங்கள் ஒயரையும் அதற்குள்ளேயே விடுங்கள். நுழையாவிட்டால் மடக்கிய மெல்லிய கம்பியை முதலில் விட்டு, அதில் ஒயரைக் கட்டி இழுங்கள். சிலிகான் எண்ணெய் துளி விட்டால் வழுக்கிக்கொண்டு வரும்.

குழலுக்குள் டேப்போ பின்னலோ போடாதீர்கள். ஒவ்வொரு முறை கதவைத் திறக்கும்போதும் உள்ளே ஒயர்கள் ஒன்றன்மேல் ஒன்று நழுவி இடம் மாற வேண்டும். கட்டிப் போட்டால் மடிப்பு ஒரே புள்ளியில் விழும், கொஞ்ச நாளில் செம்பு இழைகள் ஒவ்வொன்றாக முறியும். கேமரா ஒரு முறை வரும், ஒரு முறை வராது. பழுது எங்கே என்று கண்டுபிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். குழலுக்கு வெளியே, இரண்டு பக்கமும், ஃபிளீஸ் டேப் சுற்றிக் கிளிப் போட்டுவிடுங்கள்.


#24 முறுக்குக்கம்பி

டேஷ் கேமராவுக்கு ஒரு எச்சரிக்கை. முன்கண்ணாடி ஓரத்துத் தூணுக்குள் பக்கவாட்டுத் திரை ஏர்பேக் இருக்கலாம். ஒயரை அதற்கு முன்னால் குறுக்காகவோ அதன் மேலோ கொண்டுபோகக் கூடாது. பின்னால் கொண்டுபோய், ஏற்கெனவே இருக்கிற கம்பெனி ஹார்னஸோடு சேர்த்துக் கட்டுங்கள். மஞ்சள் உறையோ மஞ்சள் கனெக்டரோ கண்ணில் பட்டால் அது ஏர்பேக்குடையது. அதில் கை வைக்க வேண்டாம், அதோடு சேர்த்தும் கட்ட வேண்டாம்.

அங்கே கனெக்டர் பெரிது, ஒயர் மெல்லியது என்பதால் பின்னல் நுழையாது. தானாகச் சுருண்டு மூடிக்கொள்கிற பி.இ.டி. ஸ்லீவ் கிடைக்கிறது. நீளவாக்கில் திறந்திருக்கும், ஒயரைப் பக்கவாட்டில் வைத்தால் ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூடிக்கொள்ளும். சத்தமும் வராது. கட்டைவிட ஒரு அளவு பெரிதாக எடுத்தால் ஓரங்கள் வளைவில் பிரியாமல் இருக்கும்.


#25 நிழல்நிறுத்தம்

நிறத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. ஆரஞ்சு நிறப் பின்னல் பார்த்தேன், கறுப்பு எஞ்சினுக்குப் பக்கத்தில் எடுப்பாக இருந்தது.


#26 மின்மினி

ஆரஞ்சு வேண்டாம். மின்சாரக் கார், ஹைபிரிட் இரண்டிலும் உயர் மின்னழுத்தக் கேபிளுக்கு ஆரஞ்சு உறை என்பது ஐ.நா. விதிமுறை 100-இலேயே இருக்கிறது. நேர் மின்சாரத்தில் 60 வோல்ட்டுக்கு மேல் போனாலே அந்தக் கணக்கில் வந்துவிடும். விபத்தில் மீட்க வருகிறவர் ஆரஞ்சைப் பார்த்தால் கையை எடுத்துவிடுவார். 12 வோல்ட் ஒயருக்கு அதைப் போட்டு அவரைக் குழப்பக் கூடாது. அதே மாதிரி உண்மையான ஆரஞ்சுக் கேபிளின் மேல் கறுப்பு ஸ்லீவ் போட்டு மறைக்கவும் கூடாது.


#27 நிழல்நிறுத்தம்

இது தெரியாத சேதி. கறுப்புக்கே திரும்பிவிடுகிறேன்.


#28 மூன்றாம் கியர்

ரிலே பெட்டிக்குப் பக்கத்தில், கண்ணில் படுகிற ஒரு முழ நீளத்துக்கு மட்டும் பின்னல் போட ஆசை. அங்கே சூடும் இல்லை, சேறும் இல்லை. கத்தரியால் வெட்டிப் பார்த்தேன், முனை விளக்குமாறு மாதிரி விரிந்துவிட்டது. எப்படி முடிப்பது?


#29 நிழல்நிறுத்தம்

கத்தரி கூடாது. வெட்டப் போகிற இடத்தில் ஒரு சுற்று டேப் ஒட்டுங்கள். சால்டரிங் அயர்ன் முனையில் பழைய பிளேடைப் பொருத்திச் சூடாக்கி, டேப்பின் நடுவே அழுத்தி வெட்டுங்கள். பி.இ.டி. சுமார் 250 டிகிரியில் உருகும், இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள், புகையை மோந்து பார்க்காதீர்கள். உருகி இறுகிய விளிம்பு கூராக இருக்கும், அது ஒயரின் மேலே நேராக உட்காரக் கூடாது. பின்னல் முடிகிற இடத்தில் ஒயருக்கு முதலில் ஒரு சுற்றுத் துணி டேப், அதன் மேல் பின்னலின் முனை, அதற்கும் மேல் மூன்றுக்கு ஒன்று சுருங்குகிற ஷ்ரிங்க். பாதி பின்னலின் மேல், பாதி ஒயரின் மேல் வருகிற மாதிரி இரண்டரை சென்டிமீட்டர் வெட்டினால் போதும். ஷ்ரிங்கை ஒயரில் கோத்துவிட்டுத்தான் ரிலே சாக்கெட்டில் முனையத்தைச் செருக வேண்டும், அப்புறம் நுழையாது.


#30 எண்ணெய்க்கை

சூடாக்கும்போது லைட்டர் நெருப்பு வேண்டாம், ஹீட் கன் வையுங்கள். அதற்கு முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள்.


#31 மூன்றாம் கியர்

கழற்றியாயிற்று அண்ணே. ஷ்ரிங்க்தான் இரண்டுக்கு ஒன்று வகை கையில் இருக்கிறது, மூன்றுக்கு ஒன்று வாங்கி வந்துவிட்டுத் தொடங்குகிறேன்.